தூக்குவாளியில் போட்டது

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை ஒரு படிவம் நிரப்பியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை. தீவில், டாலிகஞ்ச் வீட்டின் சாப்பாட்டு மேசை. அழகர்சாமி நோட்டைப் பார்த்து வாசித்தார், தமிழரசி லேப்டாப்பில் தட்டினாள். எட்டுப் பேர் சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறப் போகிறார்கள். எட்டுப் பேருக்கும் பயணக் காப்பீடு.

பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், வாரிசு, நோய். முந்தின நாளே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விசாரித்து, நோயைச் சிவப்பு மையிலும் மற்றதை நீல மையிலும் எழுதி வைத்திருந்தார். முப்பத்தாறு வருடம் அரசாங்கப் பணிமனையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எண்ணிப் பார்க்காத நட்டுக்கும் போல்ட்டுக்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

"சுசீலா டீச்சர். சர்க்கரை. பன்னெண்டு வருசம். ரெண்டு வேளை மாத்திரை. ஒண்ணையும் விடாமப் போடு."

"டீச்சருக்கு ரெண்டாயிரத்து முந்நூறு ரூபா கூடுதப்பா."

"கூடட்டும். பின்னால மூக்கால அழுகுறதுக்கு முன்னால கட்டிட்டுப் போயிரலாம்."

காதருக்கு மூட்டுவலி. ஜம்புலிங்கத்துக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை. தென்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பே பழனிசாமிக்குக் குடலிறக்கம். எல்லாம் ஏறியது. கடைசியாக அழகர்சாமி, வயது அறுபத்தைந்து.

"ஏற்கெனவே உள்ள நோய்?" என்றாள் தமிழரசி.

"இல்லைன்னு போடு."

அவள் நிமிர்ந்தாள். மேசை ஓரத்தில் சப்பையான பெப்பர்மிண்ட் தகர டப்பா இருந்தது. பிரஷர் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி அதில்தான் போட்டு வைப்பார். ஆறு வருடமாக. பாதி மாதங்கள் மருந்துக் கடையில் வாங்கி வருவது அவள்தான்.

"அப்பா, பிபி?"

"அது நோயா? வயசு."

"டீச்சருக்கு மட்டும் பன்னெண்டு வருசத்தையும் போடச் சொன்னீங்க."

"டீச்சரை எவனும் ஏணியில நிறுத்த மாட்டான். என்னை நிறுத்துவான். என் ராசி அப்படி. போடு அரசி, தோசை ஆறிப் போகுது."

போட்டாள். ஒரு நொடி வேலை.

ஏணி என்று அவர் சொன்னதற்கு ஒரு கதை உண்டு. தமிழரசிக்கு அது மனப்பாடம். அவள் பிறந்த கதையே அதுதான்.

தொண்ணூறாம் வருடம். அம்மா உமா மகேஸ்வரிக்குத் தலைப்பிரசவம். மேலூரில் தாய்வீட்டுக்குப் போவதற்காக ஹாடோ துறையில் சென்னைக் கப்பலின் ஏணியடியில் நின்றிருந்தார்கள். சீட்டு சரிபார்த்தவர் வயிற்றைப் பார்த்துவிட்டு, "கித்னா மஹீனா?" என்றார். முன்னால் நின்ற வங்காளிப் பெண் ஆறு மாதம் என்றாள். அவளுக்கு நடக்கவே முடியவில்லை, ஏற்றிக்கொண்டார்கள். அழகர்சாமி, "ஆட்" என்றார். எட்டு. எட்டாவது மாதத்துக்கு மருத்துவர் சான்றிதழ் வேண்டும் என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடி, கெஞ்சி, தாளை வாங்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது கப்பல் துறையை விட்டு நகர்ந்து, நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் விழுந்திருந்தது. அடுத்த கப்பல் பதினான்கு நாள் கழித்து. பத்தாம் நாளே தமிழரசி பிறந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் இல்லை. தெருக்கோடியில் இருந்த காதரின் மனைவி ரஷீதாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

"உண்மையைச் சொன்னதால உள்ளூர்ல பொறந்த பொண்ணு" என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அப்பா சிரித்ததில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரு சட்டம்: தரையில் எதையும் மறைக்காதே, கப்பல் ஏணியில் உடம்பைப் பற்றி வாயைத் திறக்காதே. தீவில் பாதிப் பேருக்கு அந்தச் சட்டம் உண்டு. ஏணியில் நிற்கிறவர்கள் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்கள். கப்பல் கிளம்பிய பிறகுதான் இருமல் கேட்கும்.

எட்டுப் பேரும் சிநேகமானது அப்படிப்பட்ட கப்பல்களில்தான். பங்க் கிளாஸ்: கப்பலின் அடிவயிற்றில் இரண்டடுக்குப் படுக்கைகள், டீசல் வாடை, மூன்று நாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பக்கம் பக்கமாக இடம் போட்டுக்கொள்ளும். ஏறியதும் அழகர்சாமி எவர்சில்வர் தூக்குவாளியைச் சுற்றுக்கு விடுவார். ஆளுக்கு இவ்வளவு என்று அதில் பணம் போட வேண்டும். மேல்தளத்துக் கேன்டீன் வரிசையில் ஒருவர் நின்று எல்லோருக்கும் வாங்கி வருவார். அந்த ஒருவர் எப்போதும் அழகர்சாமி.

தூக்குவாளிக்கு ஒரே விதி. போட்ட பணம் திரும்பாது. அலைக்குத் தலைசுற்றி மூன்று நாளும் பச்சைத்தண்ணீர் குடித்துக் கிடந்தவனும் முழுப் பங்கு போட வேண்டும். நாலு பேர் சாப்பாட்டைத் தின்றவனும் அதே பங்குதான். "வாந்தி எடுத்தவனுக்கும் வரவு செலவு ஒண்ணு" என்பார் காதர். ஒருமுறை ஜம்புலிங்கம், இரண்டு நாள் சாப்பிடவில்லை, முப்பது ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். முப்பது வருடம் ஆகியும் அந்த முப்பது ரூபாயைச் சொல்லித்தான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள்.

சொகுசுக் கப்பல் யோசனை அபர்தீன் பஜாரில் காதரின் மளிகைக் கடையில் பிறந்தது. சொன்னது அழகர்சாமி. "நாப்பது வருசமா கப்பல்ல போறோம். ஒருத்தனாவது சார்னு கூப்பிட்டிருக்கானா? தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னதுதான் மிச்சம்."

"சார்னு கூப்பிட ஆளுக்கு எம்பதாயிரமா? எனக்கு எட்டாயிரம் குடு, தெனம் நான் கூப்பிடுறேன்" என்றார் காதர்.

"அந்தக் கப்பல் புக்கெட் போகுதாம்லா. இங்கெருந்து புக்கெட்டு, சென்னையை விடக் கிட்ட. சென்னைக்குப் போயி, சிங்கப்பூருக்குப் போயி, பொறவு புக்கெட்டா? தலையைச் சுத்தி மூக்கைத் தொடுத கதை" என்றார் ஜம்புலிங்கம்.

இருந்தும் எல்லோரும் பணம் கட்டினார்கள். கப்பல் கட்டணம் தனி. பொதுச் செலவுக்கு, அதாவது டாக்சி, டிப்ஸ், தண்ணீர், வெளியில் சாப்பாடு எல்லாவற்றுக்கும், தலைக்கு இருபதாயிரம் தூக்குவாளியில். சிங்கப்பூர் விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே டாலர் கட்டும் எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலமும் இருந்தன.

முதல் நாள் மாலை தமிழரசிக்கு ஒரு படம் அனுப்பினார். படுக்கையின்மேல் வெள்ளைத் துண்டைப் பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தார்: "வாத்து செஞ்சு வச்சிருக்கான். மொகம் தொடைக்க மனசு வரலை. சார்னு கூப்பிட்டான்." அவள் பவர்ஹவுஸில் ஷிப்டில் இருந்தாள். மூன்றாம் நம்பர் ஜெனரேட்டரின் எண்ணெய் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மீட்டரைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டு மேசையிலேயே அவர் சரிந்தார். கப்பல் மருத்துவமனை, பிறகு பினாங்கு கரையில் ஓர் ஆஸ்பத்திரி. இரண்டு நாள்.

தமிழரசியிடம் பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பம் போடச் சொல்லி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினாள். ஆகவே டாலிகஞ்ச் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மற்றவர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு அங்கே தங்கியது காதர். ஆஸ்பத்திரித் தாளில் நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் சகோதரர் என்று எழுதினார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நடுவில் ஒருமுறை அழகர்சாமிக்கு நினைவு வந்ததாம். "காதரு, இவன் காசைப் புடுங்கிருவான்யா. இங்கெருந்து நம்ம ஊரு பக்கம்தானே, ஏதாச்சும் கப்பல்ல ஏத்தி விட்டுரு" என்றாராம். அதற்குப் பிறகு பேசவில்லை.

விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் தமிழரசி கையெழுத்துப் போட்டு அவரை வாங்கிக்கொண்டாள். ரசீதில் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று இருந்தது. அப்பா அறுபத்தெட்டு. மீதி நாற்பத்து நான்கும் பெட்டி. அந்தக் கழித்தலை மனம் தானாகப் போட்டது. நிறுத்த முடியவில்லை.

காரியங்கள் முடிந்தன. வந்தவர்கள் போனார்கள். வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். தோசை மாவு மூன்றாம் நாளே புளித்தது. இரண்டு பேர் கணக்குக்கே அவள் கை அரிசியை அளந்தது.

செலவு மொத்தம் ஒன்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம். தூக்குவாளியில் மிஞ்சியிருந்த ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரமும் போயிற்று. காதர் நான்கு லட்சம், ஜம்புலிங்கம் இரண்டரை, சுசீலா டீச்சர் ஒன்றரை. காப்பீட்டிலிருந்து வந்துவிடும் என்ற நம்பிக்கையில் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஜம்புலிங்கம் பேத்தியின் கல்லூரிக்காகப் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்திருந்தார்.

பிறகு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இறந்தவரின் சட்டைப்பையில் வெள்ளை மாத்திரைகள் அடங்கிய தகர டப்பா இருந்ததாகக் கப்பல் மருத்துவர் குறித்திருக்கிறார். அவை என்ன மாத்திரைகள், எவ்வளவு காலமாக உட்கொண்டார் என்பதை வாரிசுதாரர் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வாரிசுதாரர் அவள். டப்பா இப்போது இல்லை; எங்கோ தொலைந்துவிட்டது. அட்டை இல்லை, சீட்டு இல்லை. பிரஷர் என்று அவர் எந்த ஆஸ்பத்திரியிலும் பதிந்துகொண்டதில்லை. அவள் சொல்வதுதான் சாட்சி.

காதரின் கடையில் கூடினார்கள். ரஷீதா உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எம்மா, நான் சொல்லுதேன் கேளு" என்றார் ஜம்புலிங்கம். "வெள்ளை மாத்திரைதானே? சீரணத்துக்குன்னு எழுது. முடிஞ்சுது சோலி. எவன் வந்து தோண்டிப் பாக்கப் போறான்?"

"சும்மா இருங்க அண்ணாச்சி" என்றாள் சுசீலா டீச்சர். "பிள்ளை முகத்தைப் பாருங்க."

"முகத்தைப் பார்த்தா ஆச்சா? ஒங்களுக்கு ஒன்றரை, எனக்கு ரெண்டரை. நான் என்ன அவரு ஒளிச்சாருன்னா சொல்லுதேன்? எல்லாவனும் செய்யதுதான். பதினஞ்சு தடவை கப்பல் ஏறியிருக்கேன். ஒரு தடவையாச்சும் எனக்கு நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருப்பனா?"

"வலிக்குதா உங்களுக்கு?" என்றாள் டீச்சர் திடுக்கிட்டு.

"அது கெடக்கு பதினோரு வருசமா."

காதர் சிரித்துவிட்டார். சிரித்த வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெங்காய மூட்டையைப் பார்த்தபடி சொன்னார்: "மவளே, நீ என்ன எழுதினாலும் எனக்குக் காட்ட வேணாம். எழுதிட்டுச் சொல்லு. பஸ், அவ்வளவுதான்."

கெடுவின் பதினோராம் நாள் தமிழரசிக்குப் பகல் ஷிப்ட். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு ஜெனரேட்டரின் வெப்பம், அழுத்தம், சுமை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மழை பெய்கிறதே என்று எழுந்து போகாமல், போன மணியின் எண்களையே ஒருவன் இறக்கி எழுதினான். அன்று மாலை ஒரு பேரிங் எரிந்தது. வீட்டில் அதைச் சொன்னபோது அழகர்சாமி சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவனைத் திட்டாத. மெஷினுக்குத் தெரியும் யார் பாத்தா, யார் பாக்கலைன்னு. நீ பாக்காத ரீடிங்க எழுதிராத, அவ்வளவுதான்."

அவள் அதைவிட மோசமானதைச் செய்திருந்தாள். பார்த்த ரீடிங்கை மாற்றி எழுதியிருந்தாள்.

டீச்சருக்குக் கூடியது இரண்டாயிரத்து முந்நூறு. அப்பாவுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கூடியிருக்கும். அந்த நொடியில் அவள் கையை எடுத்திருந்தால், அப்பா திட்டியிருப்பார், கொஞ்ச நேரம் முறைத்திருப்பார், தோசையைத் தின்றிருப்பார். பிழைத்திருப்பாரா என்பது வேறு. இந்த நான்கு வீட்டுப் பணம் பிழைத்திருக்கும்.

ஷிப்ட் முடிந்ததும் பவர்ஹவுஸ் மேசையிலேயே பதில் எழுதினாள். இரத்த அழுத்த மாத்திரை. ஆறு வருடம். படிவத்தை நிரப்பியது நான். எனக்குத் தெரியும். நான்கு வாக்கியம். அனுப்பினாள்.

நேராகக் காதர் கடைக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள். உள்ளதை எழுதிவிட்டேன், காப்பீட்டுப் பணம் இனி வராது. அப்பாவின் வங்கியில் மூன்று லட்சம் இருக்கிறது. மீதியைச் சேமநலநிதிக் கடனாக எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறேன்.

காதர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து, அலமாரியிலிருந்து தூக்குவாளியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல எத்தனை பங்கு?"

"எட்டு."

"உங்கத்தாவுக்கு எத்தனை?"

"ஒண்ணு."

"அப்ப ஒண்ணு குடு. எட்டுல ஒண்ணு. இதுல அவனுக்கு மிஞ்சுன பதினாலாயிரம் போக ஒரு லச்சம். ஒரு பைசா கூடக் குடுத்தா வாங்க மாட்டேன். நாப்பது வருசம் வரிசையில நின்னவன் அவன். நாங்க படுத்துக் கெடந்து தின்னோம். ஒரே ஒரு தடவை அவன் படுத்தான், நாங்க நின்னோம். இதுக்கு ரசீது வேணுமா?"

ரஷீதா உள்ளேயிருந்து, "அந்தப் பிள்ளையை உக்காரச் சொல்லுங்களேன், நட்டமா நிக்க வச்சுக்கிட்டு" என்றாள். தமிழரசி உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தோன்றியது.

டீச்சர் ஒத்துக்கொண்டாள். கேம்பல் பேயிலிருந்து பழனிசாமி, தனக்கும் மனைவிக்கும் உள்ள இரண்டு பங்கையும் அனுப்பிவிடுவதாகப் போனில் சொன்னார். ஜம்புலிங்கம் மட்டும் மூடிய வாசல் கேட்டுக்கு உள்ளேயே நின்று பேசினார்.

"சோத்துச் செலவு வேற, ஐசியூ செலவு வேறம்மா. காதர் பெரிய மனுசன், கடை இருக்கு. எனக்குப் பென்சன்தான். எழுதுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்கலை, மாமா."

"ஒங்கப்பா இருந்தா எழுத விட்டிருப்பாரா?"

அவள் யோசித்தாள். "ஏணியில நின்னா விட்டிருக்க மாட்டார். ஸ்டோர்ல இருந்தா விட்டிருப்பார்."

தூக்குவாளிக் கணக்குப்படி மனைவிக்கும் சேர்த்து இரண்டு பங்கு போக, ஜம்புலிங்கத்துக்குத் திரும்பி வருவது ஐம்பதாயிரம்தான். மீதி இரண்டு லட்சத்தை மாதம் பத்தாயிரமாகத் தான் கட்டிவிடுவதாகச் சொன்னாள். காதருக்குத் தெரிய வேண்டாம் என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அந்த வாரம்தான் அப்பாவின் நோட்டை முழுதாகத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் செய்ய வேண்டியவை. விசா. டாலர் மாற்றுவது. தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்ப்பது. பால்காரனுக்குச் சொல்வது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். அடியில் ஒன்றுக்கு மட்டும் கோடு இல்லை: மீதி போட்டோ திருப்பிக் கொடுக்கணும்.

நோட்டின் பின்னட்டைக்குள் ஒரு பழுப்பு உறை இருந்தது. விசாவுக்காக ஆளுக்கு நான்கு படம் வாங்கியிருக்கிறார். செலவானது இரண்டு. மீதி இரண்டிரண்டாக ரப்பர் வளையம் போட்டு, முதுகில் பென்சிலால் பெயர். போட்டோவுக்கு ஸ்டுடியோக்காரனிடம் பணம் கொடுத்தது அவரவர். ஆகவே மிச்சம் அவரவர் சொத்து. ஸ்டோர் கீப்பர் புத்தி.

சனிக்கிழமை புறப்பட்டாள். சுசீலா டீச்சர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "ஐயோ, திருட்டு முழி" என்றாள். பிறகு தமிழரசியின் கையை விடவில்லை. காதர் தன் படத்தைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். ரஷீதாவின் படத்தைப் பார்த்து, "இவளைக் கூட்டிக்கிட்டா கப்பலுக்குப் போனேன்?" என்றார். ஜம்புலிங்கத்தின் வீட்டில் அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தமிழரசி படி இறங்கும்போது கேட் திறந்தே இருந்ததைக் கவனித்தாள்.

பழனிசாமிக்கும் அவர் மனைவிக்கும் உள்ளவை பாக்கி. கேம்பல் பே கப்பல் வியாழக்கிழமை. துறைக்குப் போய், ஏறுகிற யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். உறைமேல் விலாசம் எழுதி ஒட்டினாள்.

பழுப்பு உறையில் இன்னும் அப்பாவின் படங்கள் இரண்டு கிடந்தன. கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, ஏணியடியில் நிற்பதுபோல் நேராக நிமிர்ந்த முகம். திருப்பிப் பார்த்தாள். முதுகில் பெயர் எழுதியிருக்கவில்லை. அவற்றை யாரிடம் கொடுப்பது என்று அவர் குறிக்கவில்லை.